கோழி சாகத் தொடங்கிய பிறகு ஊசியைத் தேடாதீர்கள்

மாசி பாதி கடந்தால் போதும், கால்நடை மருந்தகத்தில் ஒரே பேச்சுதான். "டாக்டர், பன்னெண்டு கோழியில ஒம்பது போயிடுச்சு. மீதி மூணுக்கு ஏதாவது மருந்து குடுங்க." சிலர் செத்த கோழியையே பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிடுகிறார்கள். அந்த பஸ்ஸில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சந்தையில் வாங்கிய குஞ்சுகளோடு உட்கார்ந்திருப்பார். இந்த வருஷமும் அதே கதை ஆரம்பித்துவிட்டது.

வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோய்க்கு மருந்து கிடையாது. அது வைரஸ் நோய். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டுபிடிக்கப்பட்டு, அடுத்த ஓரிரு ஆண்டில் குமாவுன் மலையில் உள்ள ராணிக்கெட்டில் தென்பட்டதால் நம் நாட்டில் இந்தப் பெயர். கிட்டத்தட்ட நூறு வருஷமாக உலகம் முழுக்கத் தேடியும் கிடைக்காத மருந்து, உங்கள் ஊர் மெடிக்கலில் பத்து ரூபாய் மாத்திரையாகக் கிடைக்கும் என்று எப்படி நம்புகிறீர்கள்?

எப்படி நம்புகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். கோழி எப்படிக் கழிந்தாலும் அது வெள்ளைக்கழிச்சல் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மழையில் நனைந்த குஞ்சுக்குப் பின்புறம் ஒட்டிக்கொண்டாலும் வெள்ளைக்கழிச்சல், பூச்சி வைத்த கோழி தண்ணீராகப் போனாலும் வெள்ளைக்கழிச்சல். யாரோ டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பாதி உடைத்து வாயில் போட்டிருப்பார், கோழி பிழைத்திருக்கும். அதற்கு வந்தது பாக்டீரியா தொற்றாக இருந்திருக்கும், இல்லையென்றால் இரண்டு நாளில் தானே சரியாகிற வயிற்றுக் கோளாறு. "எங்க மாமா வீட்டுல வெள்ளைக்கழிச்சலுக்கு அந்த மாத்திரைதான் கேட்டுச்சு" என்று அது ஊர் முழுக்கப் பரவிவிடும். அடுத்த வருஷம் உண்மையான ராணிக்கெட் வரும்போது அதே மாத்திரை, அதே அரை வில்லை. மூன்றாம் நாள் கூடு காலி.

எச்சத்தைக் குனிந்து பாருங்கள். நல்ல கோழியின் எச்சம் கெட்டியாக, பழுப்பிலோ கரும்பச்சையிலோ இருக்கும். அதன் தலையில் சுண்ணாம்பு வைத்த மாதிரி கொஞ்சம் வெள்ளை. அந்த வெள்ளை நோயல்ல, கோழியின் சிறுநீர். எட்டுப் பத்து எச்சத்துக்கு ஒருமுறை காபிக்கொட்டை நிறத்தில் பிசுபிசுவென்று நாற்றமடிக்க ஒன்று வரும். அது குருட்டுக்குடலிலிருந்து வருவது, அதுவும் நோயல்ல. அடைக்கோழி ஒரு நாள் முழுக்க அடக்கி வைத்து ஒரே தடவையில் பெரிதாகப் போடும், கப்பென்று நாறும். அதற்கும் வைத்தியம் வேண்டாம்.

ராணிக்கெட் என்றால் இப்படி இருக்கும்: தீனி எடுக்காது. இறகு சிலிர்த்து, இறக்கை தொங்கி, ஓரமாய் உறங்கி வழியும். எச்சம் பச்சையும் வெள்ளையும் கலந்து தண்ணீராகப் பீய்ச்சும். தலைகீழாகப் பிடித்தால் வாயிலிருந்து புளித்த நீர் வழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும், கொர் கொர் என்று சத்தம் கேட்கும். இதைத் தாண்டிப் பிழைத்தவற்றில் சில கழுத்தைத் திருகிக்கொண்டு வானம் பார்த்து நிற்கும், சில கால் இழுத்துக்கொள்ளும். முக்கியமான அடையாளம், ஒன்றோடு நிற்காது. இன்று இரண்டு, நாளை நான்கு என்று சேர்ந்தாற்போல் போகும். அறுத்துப் பார்த்தால் சுரப்பி இரைப்பையின் உட்சுவரில் குண்டூசி குத்தியது போல ரத்தப் புள்ளிகள் பல சமயம் தெரியும். இது எங்களுக்கான அடையாளம். நீங்கள் வீட்டில் அறுத்துப் பார்க்க வேண்டாம், கொல்லை முழுக்க வைரஸைத் தெளித்ததாகிவிடும்.

"நாட்டுக்கோழிதானே, எதிர்ப்பு சக்தி அதிகம்" என்பார்கள். வெயில் தாங்கும், மேய்ந்து தின்னும், பருந்தைக் கண்டால் ஓடும். எல்லாம் சரி. ராணிக்கெட்டுக்கு அது தெரியாது. தடுப்பூசி போடாத நாட்டுக்கோழிக் கூட்டத்தில் புகுந்தால் பத்தில் ஒன்பதைக்கூட எடுத்துக்கொண்டு போய்விடும்.

இன்னொன்று, இதுதான் என்னை அதிகம் எரிச்சலூட்டுவது: "ஊசி போட்ட மறுநாளே செத்துச்சு டாக்டர், ஊசியாலதான்." நோய் உடம்பில் புகுந்து வெளியே தெரிய இரண்டு நாளிலிருந்து பதினைந்து நாள்வரை ஆகலாம். தடுப்பூசி வேலை செய்ய பத்துப் பதினான்கு நாள் வேண்டும். பக்கத்து வீட்டில் சாவு விழுந்த பிறகு அலறியடித்து ஊசி போட்டால், ஏற்கெனவே வைரஸ் புகுந்த கோழி செத்துத்தான் போகும். ஊசி அதைக் கொல்லவில்லை, காப்பாற்ற நேரம் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் பழி நியாயம்தான். எட்டு வாரத்துக்குக் குறைந்த குஞ்சுக்கு, பெரிய கோழிக்கான ஆர்.டி.வி.கே. ஊசியைப் போட்டால் ஊசியே நோயைக் கொடுத்துவிடலாம். "ஒண்ணாப் போட்டுடுங்க டாக்டர், குஞ்சு தனியா எதுக்கு" என்று கெஞ்சுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

முறை இதுதான். ஏழாம் நாள் குஞ்சுக்கான எஃப் ஸ்ட்ரெயின் தடுப்பு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நான்காவது வாரம் லசோட்டா என்கிற தடுப்பு மருந்து, அதுவும் சொட்டாகவோ குடிநீரிலோ. எட்டாவது வாரம் ஆர்.டி.வி.கே., இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே அரை மி.லி. பிறகு வருஷாவருஷம் கோடைக்கு முன். தமிழ்நாட்டில் கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதம் இரண்டு வாரம் இலவசமாகவே முகாம் நடத்துகிறது. அறிவிப்பு வரும்போது கோழியை மேயவிட்டு விடாமல், முதல் நாள் இரவே பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். விடிந்தபின் மரத்தில் ஏறிய கோழியைத் துரத்திக்கொண்டிருக்க எங்களுக்கு வயதாகிவிட்டது.

நீங்களே வாங்கிப் போடுவதானால், கடையில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறாரா என்று கண்ணால் பாருங்கள். ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவாருங்கள், சட்டைப்பையில் அல்ல. நூறு டோஸ் ஆர்.டி.வி.கே. குப்பி என்றால் கரைக்க 50 மி.லி. கரைசல். கரைத்த பின் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும், மீந்தது நாளைக்கு உதவாது. காலி சிரிஞ்சையும் அதன் ஊசியையும் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவையுங்கள். ஸ்பிரிட்டிலோ டெட்டாலிலோ கழுவினால் உள்ளே ஏற்றும் உயிருள்ள தடுப்பு வைரஸ் செத்துப்போகும். பிறகு நீங்கள் போடுவது வெறும் தண்ணீர். குடிநீரில் கலந்தால் குளோரின் வாசம் இல்லாத கிணற்று நீர் எடுத்து, லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கரைத்து, அதன்பின் தடுப்பு மருந்தைச் சேருங்கள். பத்துக் கோழிக்கு நூறு டோஸ் வாங்க மனம் வராது, புரிகிறது. தெருவில் எட்டு வீடு சேர்ந்து ஒரே காலையில் போடுங்கள். ஒரு வீட்டுக் கோழி மட்டும் பாதுகாப்பாக இருந்து பயனும் இல்லை.

நோய் வந்தே விட்டதா? மீதிக் கோழியைச் சந்தைக்குக் கொண்டு போகாதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். பாதி விலைக்குத் தள்ளிவிட்ட அந்த மூன்று கோழி அடுத்த மூன்று ஊரை முடித்துவிடும். செத்ததை வாய்க்காலிலும் குப்பைமேட்டிலும் வீசாமல், மூன்றடிக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். சேர்ந்தாற்போல் சாவு விழுந்தால் மருந்தகத்துக்கோ 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ சொல்லுங்கள், பறவைக் காய்ச்சலா என்றும் பார்க்க வேண்டியிருக்கும். கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு அரைத்து உருட்டிக் கொடுப்பதை நான் தடுக்கவில்லை, கொடுங்கள். அதைச் சொல்லித் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். புதிதாக வாங்கிய கோழி எதுவானாலும் இரண்டு மூன்று வாரம் தனியாக.

ரத்தக்கழிச்சல் வேறு. மூன்றிலிருந்து எட்டு வாரக் குஞ்சுகளில், தரை ஈரமான கொட்டகையில் வரும். எச்சத்தில் ரத்தம், கொண்டை வெளுப்பு. இதற்கு மருந்து உண்டு: 20 சதவீத ஆம்ப்ரோலியம் பவுடர் லிட்டருக்கு 1.2 கிராம், ஐந்து நாள், வேறு தண்ணீர் வைக்காமல், தினமும் புதிதாகக் கரைத்து. அந்த ஐந்து நாளும் பி-காம்ப்ளெக்ஸ் சேர்க்காதீர்கள். "சத்துக்காக" சேர்க்கும் பி1தான் அந்தக் கிருமிக்கு வேண்டியது, மருந்து அதைத் தடுத்துத்தான் கிருமியைப் பட்டினி போடுகிறது. ஈரக் கூளத்தை அள்ளாமல் மருந்தை மட்டும் கொடுத்தால் பதினைந்தாம் நாள் திரும்ப வருவீர்கள். பிறந்த முதல் வாரக் குஞ்சு பின்புறம் ஒட்டிச் சாவதற்குப் பெரும்பாலும் குளிர்தான் காரணம். குஞ்சு நிற்கிற மட்டத்தில் 35 டிகிரி வேண்டும். விளக்குக்கடியில் குவிந்து கிடந்தால் சூடு போதவில்லை, ஓரத்துக்கு ஓடி வாய் பிளந்தால் அதிகம்.

அம்மைக்கு ஆறாவது வாரம் தடுப்பூசி. வந்த பின் கொண்டையில் உள்ள பொருக்கைப் பிய்க்காதீர்கள், அதில்தான் கிருமி. அதைப் பரப்பும் கொசுவை ஒழியுங்கள், அவ்வளவுதான். சளி, முக வீக்கம் என்றால் முதலில் இரவில் கூட்டுக்குள் தலையை நீட்டிப் பாருங்கள். எச்சத்தின் காட்டத்தில் உங்கள் கண் எரிந்தால் கோழியின் நுரையீரல் என்ன பாடுபடும்? மழைக்கு பயந்து நாலு பக்கமும் சாக்கு கட்டி மூடாதீர்கள், மேலே ஒரு ஜாண் காற்றுக்கு விடுங்கள். ஆன்டிபயாடிக் தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும். அது முட்டையிலும் கறியிலும் தங்கும், அந்த முட்டையை உங்கள் பிள்ளைதான் சாப்பிடுகிறது. பழைய பாக்கெட்டில் கோலிஸ்டின் என்று எழுதியிருந்தால் கோழிப்பக்கமே கொண்டு போகாதீர்கள், 2019இலேயே தடை செய்துவிட்டார்கள்.

முட்டை குறைந்தது, அடைக்கோழி முட்டையை விட்டு எழுந்து எழுந்து போகிறது என்றால், இரவு ஒன்பது மணிக்கு டார்ச் எடுத்துப் போங்கள். கூட்டின் மூங்கில் இடுக்கில் நகத்தால் கீறினால் சிவப்பாகப் பொடிப்பொடியாக ஓடும், அதுதான் செல், கோழியின் ரத்தம் குடிக்கிற பூச்சி. பகலில் கோழிமேல் தேடினால் கிடைக்காது. ஆகவே கோழிக்கு மட்டும் வைத்தியம் பார்த்துப் பயனில்லை. பழைய கூளத்தை எரித்துவிட்டு, இடுக்குகளில் கொதிநீர் ஊற்றி, காய்ந்ததும் சுண்ணாம்பு அடியுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி, முட்டையிலிருந்து புதிதாகப் பொரிந்ததைப் பிடிக்க. ஓரமாய் ஒரு குழியில் சாம்பலும் மணலும் வேப்பிலைத் தூளும் போட்டுவையுங்கள், கோழி தானே புரண்டுகொள்ளும். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்துப் பொடியைக் கோழிமேல் தூவியவர்கள் இருக்கிறார்கள், கோழியும் மிஞ்சவில்லை.

ஒன்றை ஒன்று கொத்திப் பின்புறம் கிழித்துக்கொள்வது திமிரல்ல. நெருக்கடி, வெளிச்சம், புரதக் குறைவு. நொய்யும் கம்பும் மட்டும் போட்டால் புரதம் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், முட்டையிடும் கோழிக்கு பதினாறாவது வேண்டும். கரையான், அசோலா என்கிற நீர்ப்பாசி, பூஞ்சை பிடிக்காத கடலைப் புண்ணாக்கு சேருங்கள். கருவாட்டுத் தலை போட்டால் உப்பை அலசிவிட்டுப் போடுங்கள், உப்பு கூடினாலும் சாகும். காயம்பட்டதை உடனே பிரித்து, ஜென்ஷியன் வயலட் தடவுங்கள். சிவப்பு தெரிந்தால்தான் மற்றவை கொத்தும், நீலம் அதை மறைத்துவிடும். உயரத்தில் ஒரு கீரைக்கட்டைத் தொங்கவிட்டால் அலகுக்கு வேலை கிடைக்கும்.

முட்டை குடிக்கிற கோழி முதலில் உடைந்த முட்டையில்தான் ருசி கண்டிருக்கும். தோல் மெல்லிசாக இருந்தால் உடையும். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும். முட்டையோட்டைப் போடுவதானால் வறுத்துப் பொடித்துப் போடுங்கள், ஓடாகப் போட்டால் நீங்களே பழக்கிவிட்டதாகும். நாலைந்து கோழிக்கு ஓர் இருட்டுக் கூடை, ஒரு நாளைக்கு இரண்டு முறை முட்டை எடுப்பு.

கடைசியாக அடை. அடை தெளிய வைக்க மூக்கில் இறகு குத்துவதையும் தண்ணீர்த் தொட்டியில் முக்குவதையும் இன்னும் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், சளி பிடித்து என்னிடம்தான் வரும். அடியில் காற்றுப் போகிற மாதிரி கம்பிவலை வைத்த கூண்டில், வைக்கோல் இல்லாமல், வெளிச்சமான இடத்தில் மூன்று நான்கு நாள் வையுங்கள். தீனியும் தண்ணீரும் வழக்கம்போல. வயிற்றுச் சூடு ஆறிவிடும். இறக்கிவிட்டதும் நேராக முட்டைக் கூடைக்கு ஓடினால் இன்னும் இரண்டு நாள் கூண்டில் வையுங்கள். மேய்ச்சலுக்குப் போனால் விட்டுவிடுங்கள்.