மௌபர்ன்ட் என்றால் போர்ப்புழுங்கல்

இங்கிலாந்துக் குடியானவர்களின் பழைய பேச்சில் மௌபர்ன்ட் (mowburnt) என்றொரு சொல் உண்டு. சரியாகக் காயாத புல்லைப் போராக அடுக்கிவிட்டால் உள்ளுக்குள்ளேயே சூடேறிப் பழுப்பாகிவிடும். அப்படிக் கெட்ட புல்தான் மௌபர்ன்ட். தானியக் கதிருக்கும் இதைச் சொல்வார்கள். இப்படிப் புழுங்கிய பார்லி ஒழுங்காக முளைக்காது என்பதால் மால்ட், அதாவது பியருக்காகத் தானியத்தை முளைக்கவைத்து உலர்த்திய மாவுப்பொருள், செய்பவர்கள் அதை வாங்க மாட்டார்கள்.

சொல்லின் பின்பாதிக்கு ‘எரிந்த’ என்று பொருள். குழப்பம் முன்பாதியான ‘மௌ’வில்தான் (mow). புல்லறுப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே எழுத்துகள்தான், ஆனால் அதை ‘மோ’ என்பார்கள்; பழைய ஆங்கில ‘மாவன்’ அதற்கு மூலம். இந்த ‘மௌ’ வேறு. குவியல் என்று பொருள்படும் ‘மூகா’விலிருந்து வந்தது. இங்கிலாந்தில் ‘பார்லி மௌ’ என்ற பெயரில் மதுக்கடைகள் இன்றும் உண்டு. பார்லிப் போர் என்று அர்த்தம்.

அறுத்த புல் உடனே சாவதில்லை. ஈரம் இருக்கும்வரை மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். அதில் வெப்பம் பிறக்கும். அப்புறம் நுண்ணுயிர்கள் சேர்ந்துகொள்ளும். ஈரப்பதம் சுமார் 20 சதவீதத்தைத் தாண்டினாலே ஆபத்துதான். சூடு ஏற ஏறச் சர்க்கரையும் புரதமும் ஒன்றோடொன்று பிணைந்து, புல் புகையிலை நிறத்துக்கு வந்துவிடும். பாகு காய்ச்சிய மாதிரி மணக்கும். மாடு ஆசையாகத்தான் தின்னும், ஆனால் அந்தப் புரதத்தில் ஒரு பகுதி செரிக்காமலே வெளியேறிவிடும். சூடு அதற்கும் மேலே போனால் போரே தானாகத் தீப்பிடிக்கும். அதனால் இரும்புக் கம்பியைப் போருக்குள் செருகி, சற்று நேரம் கழித்து உருவித் தொட்டுப் பார்ப்பது வழக்கம்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘போர்க்கருகல்’ என்றால் தீப்பட்டது போலாகிவிடும். இங்கே நடப்பது காற்றோட்டமில்லாத ஈரச் சூடு. அதற்குப் புழுங்குதல் என்ற வினை நம்மிடம் தயாராகவே இருக்கிறது. ஆகவே போர்ப்புழுங்கல் என்பேன். ‘போர்’ தனியே நின்று சண்டையை நினைவூட்டினால், ‘போரில் புழுங்கிய வைக்கோல்’ என்று விரித்து எழுதலாம். இலங்கைத் தமிழில் அறுத்த கதிர்களை அடுக்கிய குவியலுக்கே சூடு என்றுதான் பெயர். ஆனால் ‘சூடு புழுங்கியது’ என்று எழுதினால் மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியாது.

மழையில் நனைந்து மக்கிய வைக்கோலுக்கும் வெறுமனே பூஞ்சை பிடித்ததற்கும் இந்தச் சொல் பொருந்தாது. அடுக்கிய பிறகு உள்ளே சூடேறிக் கெட்டிருக்க வேண்டும்.