நடைப்பயிற்சிக்கு எழாத தசைகள்

என் பெரியப்பாவுக்கு 74 வயது. காலை ஐந்தரைக்கெல்லாம் எழுந்து பூங்காவை ஆறு சுற்று சுற்றிவிட்டுத்தான் காபி குடிப்பார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கின்றன. போன தை மாதம் ஒரு வீட்டு விசேஷத்தில் தரையில் பந்தி போட்டிருந்தார்கள். சாப்பிட்டு முடித்து எழப் போனவர் ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையால் பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்து, இரண்டாவது முயற்சியில்தான் எழுந்தார். "தினம் நாலு கிலோமீட்டர் நடக்கிறேன், கால் ஏன்டா இப்படித் துவளுது?" என்று என்னிடம் கேட்டார்.

நியாயமான கேள்வி. அதற்கான பதில் காலில் பாதி, தண்டுவடத்தில் பாதி இருக்கிறது.

தொடைத் தசை லட்சக்கணக்கான மெல்லிய இழைகளின் கட்டு. இந்த இழைகளுக்குச் சொந்த புத்தி கிடையாது. தண்டுவடத்தில் இருக்கும் ஒவ்வொரு இயக்க நரம்புச் செல்லும் கிளைகளை நீட்டி, நூற்றுக்கணக்கான இழைகளைத் தன் பொறுப்பில் வைத்திருக்கிறது. அது சமிக்ஞை அனுப்பினால் அதன் இழைகள் எல்லாமே சுருங்கும். அனுப்பாவிட்டால் எல்லாமே சும்மா கிடக்கும். இந்த நரம்புகளில் சிறியவை நிதான இழைகளை ஆள்கின்றன. இவற்றின் வலு குறைவு, ஆனால் மணிக்கணக்கில் களைக்காது. பெரிய நரம்புகளின் கீழ் இருப்பவை வேக இழைகள். சட்டென்று பெரிய விசையைத் தரும், சீக்கிரம் களைத்தும்போகும்.

யாரை எப்போது கூப்பிடுவது என்பதற்கு உடலில் ஒரு வரிசை உண்டு. அமெரிக்க உடலியங்கியல் ஆய்வாளர் எல்வுட் ஹென்னமன் 1960-களில் பூனைகளிடம் செய்த சோதனைகளில் இதைக் கண்டார். சின்ன நரம்புகள்தான் எப்போதும் முதலில் எழும். வேலை கனமாகக் கனமாக, பெரியவை ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்ளும். காரணம் எளிமையானது. ஒரே அளவு தண்ணீர் விழும் இரண்டு குழாய்களின் அடியில் ஒரு செம்பையும் ஒரு அண்டாவையும் வையுங்கள். செம்புதான் முதலில் நிரம்பி வழியும். சிறிய நரம்புச் செல்லும் அப்படித்தான், கொஞ்சம் மின்னோட்டத்துக்கே தூண்டப்பட்டுவிடும்.

சமதளத்தில் நடப்பது செம்போடு முடிந்துவிடுகிற வேலை. பெரியப்பாவின் ஆறு சுற்றையும் நிதான இழைகளே சுமக்கின்றன. அண்டாக்கள் வீட்டிலேயே தூங்குகின்றன. அதனால் நடை வீண் என்று சொல்லவில்லை. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அது செய்கிற நன்மை பெரியது. ஆனால் தரையிலிருந்து எழுவதற்கும், படியில் கால் இடறும்போது கண்ணிமைக்கும் நேரத்தில் மறுகாலை முன்னே வைத்துச் சமாளிப்பதற்கும் வேக இழைகள் வேண்டும். முதுமை முதலில் கைவைப்பது அவற்றின் மேல்தான்.

அறுபதைத் தாண்டும்போது இயக்க நரம்புகள் ஒவ்வொன்றாக மடியத் தொடங்குகின்றன. ஒரு நரம்பு செத்தால் அதன் இழைகள் அநாதையாகும். தாயில்லாப் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரி எடுத்து வளர்ப்பதுபோல, அண்டை நரம்பு ஒன்று புதுக் கிளை விட்டு அவற்றைத் தத்தெடுக்கும். பெரும்பாலும் அது நிதான வகை நரம்பு. வளர்ப்பவளின் குணம் பிள்ளைக்கு வந்துவிடுகிறது, வேக இழை நிதான இழையாக மாறிவிடுகிறது. தத்தெடுக்க ஆள் கிடைக்காத இழைகள் சுருங்கி மறைந்து, அந்த இடத்தில் கொழுப்பும் நாரும் புகுந்துகொள்ளும். வெளியே தொடையின் சுற்றளவு பெரிதாக மாறாமல், உள்ளே சரக்கு மாறியிருக்கும். வயதானவர்களுக்குத் தசையின் அளவைவிட வலு வேகமாகக் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1988 வரை இதற்குத் தனிப் பெயர்கூட இல்லை. இர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவர்தான் கிரேக்கச் சொற்களைக் கோத்து சார்கோபீனியா என்று பெயர் வைத்தார். சதைப் பஞ்சம் என்று தமிழில் சொல்லலாம். அமெரிக்காவில் நோய்ப் பட்டியலில் தனிக் குறியீடு கிடைத்தது 2016-ல். அதுவரை டாக்டர்களும் நம் ஊர்ப் பாட்டிகளைப் போலவே "வயசானா அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது.

அப்படித்தான் இருந்தாக வேண்டுமா என்று பாஸ்டன் நகரத்தில் மருத்துவர் மரியா ஃபியதரோனும் அவரது குழுவினரும் சோதித்துப் பார்த்தார்கள். முதியோர் மருத்துவமனை ஒன்றில் தங்கியிருந்த, சராசரியாக 90 வயதான பத்துப் பேர் அதில் சேர்ந்தார்கள். பலர் ஏற்கெனவே விழுந்து எழுந்தவர்கள். அவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, முழங்காலை நீட்டி எடை தூக்கச் சொன்னார்கள். தூக்க முடிகிற உச்ச எடையில் 80 சதவீதம், வாரம் மூன்று நாள், எட்டு வாரம். தொண்ணூறு வயதுக்காரருக்கு இவ்வளவு எடையா என்று அன்றைக்குப் பலரும் பதறியிருப்பார்கள். முடிவு 1990-ல் வெளிவந்தது. ஒருவர் இடையில் விலக, முடித்த ஒன்பது பேரின் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. பத்து கிலோ தூக்கிய கால் இருபத்தேழு கிலோ தூக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது, எனக்கு அதுதான் சுவாரசியம். நடுத்தொடையில் தசையின் பரப்பு கூடியது வெறும் 9 சதவீதம். தசை 9, வலு 174. மிச்சம் எங்கிருந்து வந்தது?

நரம்பிலிருந்து. பல வருடங்களாகக் கூப்பிடப்படாமல் கிடந்த பெரிய நரம்புகளை மூளை மறுபடி கூப்பிடப் பழகுகிறது. அவை இன்னும் அடுக்கடுக்காகச் சமிக்ஞை அனுப்புகின்றன. முன்பு எதிர்த்திசையில் இழுத்து வேலையைக் கெடுத்துக்கொண்டிருந்த தசைகள் விட்டுக்கொடுக்கின்றன. அந்த அசைவையே உடல் கற்றுக்கொள்கிறது என்பதும் இதில் சேர்த்தி. முதல் சில வாரங்களில் கண்ணாடியில் ஒன்றும் தெரியாமலே படி ஏறுவது லேசாவது இதனால்தான். வேலையாட்கள் புதிதாக வரவில்லை, வீட்டில் தூங்கியவர்களை எழுப்பிவிட்டோம், அவ்வளவுதான்.

சதை கூடுவது அதற்கு அப்புறம். இழை பாரத்தை இழுக்கும்போது ஏற்படும் இறுக்கத்தைச் செல் உணர்கிறது. எம்டார் என்ற புரதத் தொகுதி முடுக்கப்பட்டு, செல்லின் புரதப் பட்டறைகள் வேகமெடுக்கின்றன. இழையின் மேல் ஒட்டியிருக்கும் சாட்டிலைட் செல்கள் விழித்துக்கொண்டு பழுதுபார்க்க வருகின்றன. ஆனால் வயதான தசைக்குக் கொஞ்சம் காது மந்தம். இருபது வயதில் மெதுவாகச் சொன்னாலே கேட்ட செய்தியை எழுபதில் உரக்கச் சொல்ல வேண்டும். உரக்கச் சொல்வது என்றால் இரண்டு வேலை: பாரமும் கூட வேண்டும், ஒரு வேளையில் சேரும் புரதமும் கூட வேண்டும்.

இந்தியர்களுக்கான பொதுப் பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம். முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் தேவை என்று வயோதிக ஊட்டச்சத்து நிபுணர்கள் சொல்கிறார்கள். அறுபது கிலோ எடைக்காரருக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் இருப்பது ஆறு கிராம் சொச்சம். இப்போது நம் வீட்டுப் பெரியவர்களின் ராத்திரிச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள்: இரண்டு இட்லி, அல்லது கொஞ்சம் ரசம் சாதம், "வயிறு லேசா இருக்கட்டும்". வயிறு லேசாகத்தான் இருக்கிறது, கால்களும் அப்படியே ஆகிவிடுகின்றன. சுண்டல், பன்னீர், தயிர், மீன் என்று ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. அதற்காகப் புரதப் பவுடர் டப்பாவை மட்டும் நம்பவும் முடியாது. ஃபியதரோன் குழு 1994-ல் நூறு முதியோரிடம் செய்த பெரிய ஆய்வில், பயிற்சி இல்லாமல் சத்துபானம் மட்டும் குடித்தவர்களின் வலு கூடவில்லை.

கனமான பாரம் என்றதும் ஜிம்மை நினைத்துப் பயப்பட வேண்டாம். கனம் என்பது ஆளைப் பொறுத்தது. கால் தளர்ந்த ஒருவருக்கு நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவதே உச்ச வலுவை நெருங்கும் வேலை. ஆகவே நாற்காலியே அவருடைய டம்பெல். எட்டிலிருந்து பன்னிரண்டு முறை எழுந்து உட்கார்ந்தால், கடைசி இரண்டு முறை திணற வேண்டும். திணறலே இல்லை என்றால் அண்டாக்கள் இன்னும் எழவில்லை என்று அர்த்தம். அப்போது மார்போடு இரண்டு கிலோ அரிசிப் பையை அணைத்துக்கொண்டு எழலாம், பிறகு ஐந்து கிலோ. பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணமும் இந்த வகைதான், முழங்கால் இடம் கொடுத்தால். லேசான பாரத்தையும் களைக்கும்வரை தூக்கினால் பலன் உண்டு. சின்ன நரம்புகளின் இழைகள் ஓய்ந்ததும் பெரியவை வந்துதானே ஆக வேண்டும்.

வாரம் இரண்டு நாள் போதும், இடையில் ஓய்வு வேண்டும். தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது, ரத்த அழுத்தம் குபீரென்று ஏறும். எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும். நெஞ்சுவலி, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், அண்மையில் கண் அல்லது குடலிறக்க அறுவைச் சிகிச்சை இருந்தால் முதலில் டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ போய்விட்டு வர வேண்டும்.

நிறுத்தினால் என்ன ஆகும்? பாஸ்டனில் அதையும் பார்த்தார்கள். பயிற்சியை விட்ட நான்கே வாரத்தில் வலுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. நல்ல வேளையாக, ஏற்றிய வலுவைக் காப்பாற்ற ஏற்றும்போது பட்ட பாடு தேவையில்லை. வாரம் ஒரு நாள் ஒழுங்காகச் செய்தாலே பெரும்பகுதியை நிறுத்திவைக்கலாம்.

உங்கள் நிலைமை எப்படி என்று பார்க்க ஸ்கேன் எதுவும் வேண்டாம். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். ஆசிய நாடுகளின் சார்கோபீனியா நிபுணர் குழு 2019-ல் வகுத்த கணக்குப்படி, அதற்கு 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். கைப்பிடி வலுவுக்கும் கீழ் எல்லை உண்டு: ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ. அதை அளக்கத் தனிக் கருவி வேண்டும்.

பெரியப்பா மாசியில் தொடங்கினார். முதல் நாள் ஐந்து முறைக்கு 17 நொடி ஆயிற்று. நம்பாமல் கடிகாரத்தைக் குறை சொன்னார். ஆடி பிறந்தபோது 11. வாரத்தில் இரண்டு நாள் பூங்காவில் ஒரு சுற்றைக் குறைத்துவிட்டு, அந்தப் பத்து நிமிடத்தை நாற்காலிக்கும் அரிசிப் பைக்கும் கொடுக்கிறார். தரையில் பந்தி போடுகிற விசேஷம்தான் இன்னும் வரவில்லை.