டிஸ்ட்ரோவுக்குத் தமிழ் என்ன?

லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ஐந்தாவது நிமிடத்தில் ஒருவராவது கேட்டுவிடுவார்: "எதற்கு இத்தனை பதிப்புகள்? எல்லோரும் ஒன்றுகூடி ஒன்றை உருப்படியாகச் செய்யக் கூடாதா?" நியாயமான கேள்விதான். ஆனால் பாதிக் குழப்பம் 'பதிப்பு' என்ற சொல்லிலேயே இருக்கிறது.

ஒரே நூலை அதே பதிப்பகம் திருத்தி மறுபடி வெளியிட்டால் அது இரண்டாம் பதிப்பு. அந்தக் கணக்கில் உபுண்டு என்ற லினக்ஸின் 22.04, 24.04 ஆகியவை பதிப்புகள். உபுண்டுவும், இன்னொரு லினக்ஸான ஃபெடோராவும் அப்படிப்பட்டவை அல்ல. வெவ்வேறு குழுக்கள், வெவ்வேறு நோக்கங்கள், வெவ்வேறு கால அட்டவணைகள். உள்ளே இருக்கும் சரக்கில் பெரும்பகுதி மட்டும் பொது. இப்படி ஒவ்வொன்றையும் கணினிக்காரர்கள் டிஸ்ட்ரோ என்கிறார்கள். டிஸ்ட்ரிபியூஷன் என்பதன் செல்லச் சுருக்கம் அது.

அதன் வேர் லத்தீனில் இருக்கிறது. 'டிஸ்' என்றால் தனித்தனியாக. 'ட்ரிபூயெரே' என்றால் ஒதுக்கிக் கொடுப்பது. கணினி உலகத்தில் இச்சொல் ஊன்றியது 1970களின் பிற்பகுதியில். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த பில் ஜாய், யூனிக்ஸ் என்ற இயங்குதளத்துக்குத் தாங்கள் எழுதிய கூடுதல் நிரல்களைக் காந்த நாடாவில் ஏற்றி, கேட்டவர்களுக்கு 1978இல் அனுப்பி வைத்தார். அந்த நாடாவின் பெயர் பெர்க்லி சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன். ஆக, இச்சொல்லின் முதல் பொருள் உறையிலிட்டு அனுப்பிய ஒரு நாடாச் சுருள்.

லினக்ஸுக்கு இச்சொல் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்டது, அடியில் இருந்து வன்பொருளை இயக்கும் கெர்னலை மட்டுமே. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கடிதம்கூட அடிக்க முடியாது. க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் கருவிகள், கோப்புகளைக் கையாளும் நிரல்கள், நிறுவும் வழி எல்லாவற்றையும் யாராவது திரட்டி, ஒன்றோடொன்று பொருத்தி, பிளாப்பிகளில் போட்டுத் தர வேண்டியிருந்தது. மான்செஸ்டர் கணினி மையம் 1992இல் அதைச் செய்தது. அதே ஆண்டில் எஸ்எல்எஸ் என்ற தொகுப்பு வந்து பரவியது. அதில் பிழைகள் மலிந்திருந்தன. பொறுக்காத இருவர் 1993இல் கிளம்பினார்கள். பேட்ரிக் வோல்கர்டிங் அதையே திருத்தி ஜூலையில் ஸ்லாக்வேரைத் தந்தார். இயான் மர்டாக் முதலிலிருந்தே தொடங்குவதென்று முடிவெடுத்து ஆகஸ்ட் 16 அன்று டெபியனை அறிவித்தார். எஸ்எல்எஸ் மறைந்துவிட்டது. அதன் மேலிருந்த அதிருப்தியில் பிறந்த இரண்டும் முப்பது ஆண்டுகள் தாண்டியும் உயிரோடு இருக்கின்றன. "ஒன்றே போதும்" என்று அன்றைக்கு முடிவாகியிருந்தால் அந்த ஒன்று எஸ்எல்எஸ்ஸாகத்தான் இருந்திருக்கும்.

தமிழில் மூன்று சொற்கள் போட்டியில் இருக்கின்றன. விநியோகம் பலருக்கும் தெரிந்த சொல். ஆனால் கணக்குப் பார்த்து அளந்து அனுப்பும் வாடை அதில் வீசுகிறது. மின்வாரியத்தின் பெயரால் பழகிய பகிர்மானத்தில் இன்னொரு சிக்கல். பகிர்ந்தால் மூலப்பொருள் குறையும். மென்பொருள் எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் குறைவதில்லை. மூன்றாவது, வழங்கல். தமிழ் லினக்ஸ் ஆர்வலர்கள் பல ஆண்டுகளாக எழுதிவரும் சொல். என் வாக்கு இதற்கே.

குடும்ப அட்டைக்காக வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு அலைந்தவர்களுக்கு இது புதிய சொல்லும் அல்ல. வேரைப் பார்த்தால் இன்னும் மகிழ்ச்சி. 'வழங்குவது உள்வீழ்ந்தக் கண்ணும்' என்ற குறளில் வழங்குதல் என்பது கொடுத்தல். 'வளிவழங்கு மல்லல்மா ஞாலம்' என்ற குறளில் அதுவே காற்றின் உலவுதல். "இந்தச் சொல் எங்கள் பக்கம் வழங்குகிறது" என்னும்போது புழக்கத்தில் இருத்தல். வழக்கு, வழக்கம் எல்லாம் இதன் பிள்ளைகள். கொடுக்கப்படுவது, உலவுவது, புழங்குவது என்று மூன்று பொருளையும் ஒரே சொல் தாங்குகிறது. டிஸ்ட்ரிபியூஷனில்கூட இந்த வளம் கிடையாது.

வழங்கல்களுக்கு இடையிலான உறவைச் சொல்லவும் நம்மிடம் நல்ல சொற்கள் உண்டு. என் கணினியில் ஓடுவது லினக்ஸ் மின்ட். அதில் தன் அடையாளத்தை எழுதிவைத்திருக்கும் சிறு கோப்பு ஒன்று இருக்கிறது. திறந்தால் ஒரு வரியில் 'லினக்ஸ் மின்ட்' என்றும், இன்னொரு வரியில் இது எவற்றைப் போன்றது என்பதற்கு 'உபுண்டு டெபியன்' என்றும் இருக்கும். டெபியனிலிருந்து உபுண்டுவுக்கும் அங்கிருந்து மின்ட்டுக்கும் மென்பொருள் இறங்கி வருகிறது. ஆங்கிலத்தில் தரும் பக்கத்தை அப்ஸ்ட்ரீம், பெறும் பக்கத்தை டவுன்ஸ்ட்ரீம் என்பார்கள். காவிரிப் பாசனக்காரர்களைக் கேட்டால் தலைமடை, கடைமடை என்பார்கள். அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பல வழங்கல்கள் இருப்பதால் என்ன நன்மை என்பதையும் இந்தச் சொற்களே காட்டிக்கொடுக்கின்றன. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருளின் தலைமடையில், 2024 தொடக்கத்தில் யாரோ திட்டமிட்டு நஞ்சு கலந்தார்கள். கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைய ஒரு வழி. தொலைவிலிருந்து உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று துருவிப் போன ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர், மார்ச் 29 அன்று அதை உலகுக்குச் சொன்னார். டெபியனின் சோதனைக் கிளைகளுக்கும், ஃபெடோராவின் முன்னோட்டத்துக்கும், ஓப்பன்சூசே டம்பிள்வீடுக்கும் அந்த நீர் போய்ச் சேர்ந்திருந்தது. டெபியனின் நிலைத்த பதிப்புக்கும், உபுண்டுவின் வெளியான பதிப்புகளுக்கும், ரெட் ஹேட்டின் நிறுவனப் பதிப்புக்கும் போகவில்லை. வேகமாக மடை திறப்பவை சில, நிதானமாகத் திறப்பவை சில என்று இருந்ததால் உலகின் சர்வர்கள் பெருமளவில் தப்பின. எல்லாம் ஒன்றாக இருந்து, அந்த ஒன்று வேகமானதாகவும் இருந்திருந்தால்? நினைக்கவே பதறுகிறது.

கடைமடையில் கை வைப்பதால் வரும் கேடும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. தகவலைப் பூட்டிக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க மென்பொருளுக்கு டெபியன் கடைமடை. அந்த மென்பொருளில், சோதனைக் கருவி எச்சரித்தது என்று டெபியன் தரப்பில் 2006இல் நிரல்வரியை நீக்கினார்கள். அதோடு, சாவிகளை ஊகிக்க முடியாதபடி ஆக்கும் எதேச்சைத்தன்மை வறண்டது. உருவான சாவிகள் ஒவ்வொரு வகையிலும் 32,768க்குள் அடங்கிப்போயின. திருடன் வரிசையாகப் போட்டுப் பார்த்தாலே பூட்டு திறந்துவிடும். 2008 மே மாதம்தான் அது வெளிப்பட்டது. டெபியனும் அதன் கடைமடையான உபுண்டு போன்றவையும் சாவிகளை எல்லாம் மாற்றின. மற்ற வாய்க்கால்களில் அந்தப் பிழையே இல்லை. அங்கேயே உருவாகி அங்கேயே பயன்பட்ட சாவிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிழை வந்ததும் தனி வழங்கலால், அது ஒரு குடும்பத்தோடு நின்றதும் தனி வழங்கல்களால்.

இன்னொரு நன்மை, யாரிடமும் கை கட்டி நிற்க வேண்டாம் என்பது. சென்னையில் சி-டாக் நிறுவனம் டெபியனை எடுத்து, இந்திய மொழிகளுக்கு இடம் தந்து, 2007இல் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. கேரளத்துப் பள்ளிகளுக்கென்று மலையாளத்தோடு தனி வழங்கலே இருக்கிறது. தமிழ் இடைமுகம் வேண்டுமென்று எந்தக் கம்பெனிக்கும் மனு எழுதத் தேவையில்லை.

வீண் உழைப்பை மட்டும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. ஒரே மென்பொருளை ஒவ்வொரு வழங்கலும் தன் வடிவில் மறுபடி மறுபடி பொதிகட்டுகிறது. ஃபிளாட்பேக் போன்ற பொது வடிவங்கள் வந்தது இந்தச் சுமையைக் குறைக்கத்தான். சுவர்ப்படத்தையும் பெயரையும் மாற்றி வெளியிட்டுவிட்டு, இரண்டு ஆண்டில் பாதுகாப்புத் திருத்தம்கூடத் தராமல் கைவிடுபவற்றால் புதியவர்களுக்குத் துன்பம்தான். பாசனத்தில் நீர் மேலே ஏறாது. இங்கே ஏற வேண்டும். கடைமடையில் கண்ட பிழையின் திருத்தம் தலைமடைக்குத் திரும்பிப் போகிற வழங்கலைத்தான் நான் பிறருக்குப் பரிந்துரைக்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு கல்லூரிப் பயிற்சிக்குப் போயிருந்தேன். அச்சிட்டுக் கொடுத்த தாளில், மென்பொருளை நிறுவ, உபுண்டு குடும்பத்துக்கே உரிய 'ஏபிடி' என்று தொடங்கும் கட்டளை இருந்தது. மூன்றாம் வரிசையில் ஒரு மாணவியின் கணினியில் ஃபெடோரா. அப்படியொரு கட்டளையே இல்லை என்று திரை சொன்னது. தானே ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைத்து நாலு முறை அடித்துப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து 'டிஎன்எஃப்' என்று தொடங்கும் கட்டளையைச் சொன்னேன். அடித்தார், ஒரு நிமிடத்தில் வந்துவிட்டது. "சார், அவங்களுக்கு வந்த அதே சாஃப்ட்வேர்தானே இது?" என்றார். அதேதான் என்றேன். அடுத்த பயிற்சிக்கான தாளில் இரண்டு கட்டளைகளையும் அச்சிட்டோம். ஒவ்வொன்றின் தலைப்பிலும் எந்த வழங்கலுக்கு உரியது என்று எழுதினோம்.