சுவைத்துப் பார்க்க முடியாத ஏலம்

குன்னூர்க்காரர்களுக்கு ஏலத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1963 முதல் தேயிலை ஏலம் கண்ட ஊர். ஆனால் அங்கே மாதிரித் தூள் முன்கூட்டியே வாங்குபவரின் மேசைக்குப் போய்விடும். கொதிநீர் ஊற்றி, உறிஞ்சி, சுவை பார்த்துத் துப்பிய பிறகுதான் விலை கேட்பார்கள். இணையத்தில் மாடல் கிட்களை, அதாவது பிளாஸ்டிக் உதிரிகளை ஒட்டிச் சேர்த்துச் சிறிய மாதிரி வண்டிகள் செய்யும் பெட்டிகளை, ஏலம் எடுப்பவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான்கு புகைப்படங்களும் மூன்று வரி வருணனையும்தான் மாதிரி.

நான் உதகையில் நுகர்வோர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞன். ஓடாத கிரைண்டருக்கும் ஒழுகும் கீசருக்கும் நடுவே, சில ஆண்டுகளாக இந்தப் பெட்டிகளும் என் மேசைக்கு வருகின்றன.

ஒரு மழைநாளில் அருவங்காட்டிலிருந்து, பணி ஓய்வு பெற்ற ஒருவர் ஒரு பெட்டியைச் சால்வைக்குள் பொத்திக்கொண்டு வந்தார். 1:24 அளவில், அதாவது அசலில் இருபத்து நான்கில் ஒரு பங்கு நீளத்தில், ஒரு பழைய பந்தயக் காரின் கிட். ‘இதுவரை பிரிக்கப்படாதது’ என்ற வருணனையை நம்பி ஏலத்தில் எடுத்திருக்கிறார். பெட்டியைச் சுற்றியிருந்த பாலித்தீன் உறையை எறியாமல் கொண்டுவந்தாரே, அதற்கே அவரைப் பாராட்ட வேண்டும். உறையை மீண்டும் பெட்டியின் மேல் போர்த்தி, மேசை விளக்கடியில் பார்த்தோம். என்றோ ஒரு கடையில் ஒட்டிய விலைச்சீட்டை உரித்த தழும்பு அட்டையின் மீது இருந்தது. உறையில் பசையின் சுவடே இல்லை. சீட்டு ஒட்டியபோது உறை கிடையாது. அதைப் பிற்பாடு யாரோ சுற்றியிருக்கிறார்கள்.

உள்ளே டயர்கள் காரின் உடலோடு ஒட்டிக்கிடந்தன. மென்மைக்காக டயரில் சேர்க்கும் ரசாயனம் காலப்போக்கில் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். ஒன்றைப் பிய்த்தெடுத்தபோது, கதவின் மீது டயரின் வரிகள் அச்சு வைத்ததுபோலப் பதிந்திருந்தன.

சட்டம் அவர் பக்கம்தான். வருணனையைச் சொல்லி விற்ற பொருள் அந்த வருணனைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது சரக்கு விற்பனைச் சட்டம், 1930. அதன் 64ஆம் பிரிவு ஏலத்துக்கென்றே எழுதப்பட்டது. விற்பவர் தன் ஆட்களை விட்டுப் பொய்யாக விலை கேட்க வைத்து ஏற்றினால், அந்த விற்பனையைச் செல்லாததாக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. (பணமோசடிக்கு அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண்ணும் 1930தான். மறக்காமலிருக்க நல்ல பொருத்தம்.)

அவர் சறுக்கியது வேறிடத்தில். ஏலம் முடிந்த அன்றிரவே விற்றவரிடமிருந்து தனிச் செய்தி: “தளத்துக்கு எதற்கு சார் கமிஷன்? நேராக என் கணக்கில் போட்டுவிடுங்கள், ஐந்நூறு குறைத்துக்கொள்கிறேன்.” போட்டுவிட்டார். அந்த ஐந்நூறு ரூபாய்க்காகத் தளம் தரும் பாதுகாப்பு முழுவதையும் கைகழுவியாயிற்று. சில நாட்களில் அந்த விற்பனைப் பக்கமும் மறைந்தது. வருணனைக்குச் சாட்சியாக மிஞ்சியது அவருடைய ஞாபகம் மட்டுமே. வக்கீல் நோட்டீஸுக்குப் பிறகு பாதிப் பணம் வந்தது.

ஆகவே விலை கேட்பதற்கு முன்பே பக்கத்தைப் படம்பிடித்துச் சேமியுங்கள். பார்சலின் முகவரிச் சீட்டில் தொடங்கி, கடைசிப் பை வரை பிரிப்பதை இடையில் நிறுத்தாமல் காணொளி எடுங்கள். உறைகளைக் குப்பையில் போடாதீர்கள்.

பெட்டியின் ஓவியத்தைப் பார்த்து மயங்குபவர்களே அதிகம். உதிரிகள் கோத்த சட்டகங்களின் படத்தைக் கேட்டு வாங்கி, விளக்கத்தாளில் உள்ள வரைபடத்தோடு எண் எண்ணாக ஒப்பிடுங்கள். ஒட்டுப்படத் தாளை (தண்ணீரில் நனைத்து மாடலின் மேல் ஒட்டும் எண்களும் சின்னங்களும்) நெருக்கத்தில் காட்டச் சொல்லுங்கள். மஞ்சள் படிந்திருந்தால் சன்னல் வெயிலில் சில நாள் வைத்து வெளுக்க வைக்கலாம் (ஜூலை மாத உதகையில் அல்ல). விரிசல் விட்டிருந்தால் தண்ணீரில் இட்டதும் நொறுங்கிவிடும். ‘அரிய கிட்’ என்று ஏறும் விலைக்கும் ஆயுள் கெட்டியில்லை. அதே பழைய அச்சில் கம்பெனி மறுவெளியீடு செய்தால் விலை இறங்கிவிடும்.

இணைய ஏலத் தளமான ஈபேயின் இந்தியத் தளம் 2018இல் மூடப்பட்டது. வெளிநாட்டுத் தளத்தில் கேட்பவர்கள் வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சுங்க அட்டவணையில் நம் கிட்களுக்கும் பொம்மைகளுக்கும் 9503 என்ற ஒரே தலைப்புதான் என்றாலும், சொந்தப் பயன்பாட்டுக்காக அஞ்சலிலோ கூரியரிலோ வருபவற்றுக்கு 9804 என்று தனித் தலைப்பு இருக்கிறது.  கேட்கும் நாளில் என்ன வரி என்று பார்த்துவிட்டே தொகையை முடிவு செய்யுங்கள். ‘அன்பளிப்பு’ என்று எழுதி அனுப்பச் சொல்லும் யோசனையைச் சில நண்பர்கள் தருவார்கள். அது சுங்கத் துறைக்குச் சொல்லும் பொய். அகப்பட்டால் பெட்டியோடு போகாது. ஈபேயில் புகார் செய்ய 30 நாள் அவகாசம் உண்டு. பார்சல் வராவிட்டால், வந்து சேரும் என்று சொன்ன கடைசித் தேதியிலிருந்து அதை எண்ணுவார்கள். ஐப்பசி மழையில் மண்சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டிருக்கும்போது, ‘வந்துவிடும்’ என்று காத்திருந்தே காலத்தைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

விற்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. யுபிஐயில் பணம் பெற ரகசிய எண்ணை அழுத்தவோ கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யவோ தேவையில்லை. அப்படிக் கேட்பவர் வாங்க வந்தவரல்ல. தின்னரும் தீப்பற்றும் பெயின்டும் அஞ்சலில் அனுப்பக் கூடாதவை. கிட்டோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

வணிகரிடம் வாங்கி ஏமாந்தால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. ஆனால் லாபத்துக்கு மறுவிற்பனை செய்ய வாங்கினால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் நுகர்வோர் அல்ல.

அருவங்காட்டுக்காரர் கதவிலிருந்த டயர் தடத்தைப் புட்டி வைத்து நிரப்பித் தேய்த்துவிட்டாராம். இப்போது காருக்குச் சிவப்பு அடித்துக்கொண்டிருக்கிறார். பாலித்தீன் உறை மட்டும் என் கோப்பிலேயே இருக்கிறது.