பழைய டிரக்குக்கு டிஸ்க் பிரேக்: பூஸ்டர் வாங்குமுன் வேக்குவத்தை அளந்துவிடுங்கள்

டென்வரில் பழைய பிக்கப் டிரக்குகளுக்கு பிரேக் வேலை செய்பவன் நான். 1967 முதல் 1972 வரை வந்த ஷெவர்லே சி10தான் எங்கள் பட்டறைக்கு அதிகம் வரும். அடுத்தபடியாக அதே காலத்து ஃபோர்டு எஃப்-100. முன்சக்கர டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் மாட்டும் கிட்டை வாங்கி, பெட்டி பிரிக்காமல் பின்னால் போட்டுக்கொண்டுதான் பலர் வருகிறார்கள். கூடவே பளபளவென்று குரோம் பூசிய பூஸ்டர் ஒன்றும் இருக்கும். "இது உங்கள் எஞ்சினுக்குச் சரிப்படுமா, பார்த்தீர்களா?" என்று கேட்டால், "சி10க்கு என்றுதானே போட்டிருந்தது" என்பார்கள். போல்ட் ஓட்டைகள் பொருந்தும் என்பதைத் தவிர அந்த வரிக்கு வேறு பொருள் கிடையாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வண்டியை நிறுத்துவது பூஸ்டர் அல்ல; டயரும், சக்கரத்தோடு சுழலும் தட்டான ரோட்டாரும், அதைக் கவ்வும் பேடும்தான். பூஸ்டர் உங்கள் காலுக்குத் துணை, அவ்வளவே. ஆனால் டிரம்மிலிருந்து டிஸ்க்குக்கு மாறும்போது அந்தத் துணை இல்லாமல் முடியாது என்ற நிலை பல டிரக்குகளில் வந்துவிடுகிறது. காரணம் எளிது. பழைய டிரம் பிரேக்கில் சுழலும் டிரம்மே உள்ளே உரசும் ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். டிஸ்க்கில் அந்தத் தானாக இறுகும் குணம் இல்லை. பேடை ரோட்டாரில் அழுத்தும் காலிப்பருக்கு எவ்வளவு அழுத்தம் போகிறதோ அவ்வளவுதான் பிடிப்பு. பூஸ்டர் இல்லாத டிரம் வண்டியில் சுகமாக இருந்த அதே பெடல், டிஸ்க் மாட்டியதும் கல்லாகத் தோன்றுவது இதனால்தான்.

சரி, பூஸ்டர் எப்படி உதவுகிறது? உள்ளே ஒரு டயாஃப்ரம், அதாவது வளைந்து கொடுக்கும் ரப்பர் தடுப்பு. அதன் இரு பக்கமும் எஞ்சினின் வேக்குவம் (எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் குறை அழுத்தம்) இருக்கும். பெடலை மிதித்ததும் ஒரு பக்கத்தில் வெளிக்காற்று நுழைகிறது. அந்த அழுத்த வேறுபாடு டயாஃப்ரத்தைத் தள்ள, அது பிரேக் ஆயிலை லைன்களுக்குள் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுகிறது. ஆக, கிடைக்கிற உதவி இரண்டே விஷயத்தில் இருக்கிறது: டயாஃப்ரத்தின் பரப்பு, எஞ்சின் தரும் வேக்குவம். எல்லோரும் முதலாவதைக் கேட்டு வாங்குகிறார்கள். இரண்டாவதைக் கேட்பவர்கள் குறைவு.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8 அங்குல ஒற்றை டயாஃப்ரத்தின் பரப்பு சுமார் 50 சதுர அங்குலம். வேக்குவம் 18 அங்குலம் இருந்தால் (பாதரசக் கணக்கில்) ஒரு சதுர அங்குலத்துக்கு 8.8 பவுண்டு, மொத்தம் 440 பவுண்டு. ஸ்பிரிங், ராடு என்று உள்ளே கொஞ்சம் கழியும், 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 70 பவுண்டு பலத்தில் மிதிக்கிறீர்கள், பெடல் விகிதம் (உங்கள் மிதியைப் பெடல் எத்தனை மடங்காக்குகிறது என்பது) 4 என்றால் உங்கள் பங்கு 280. இரண்டும் சேர்ந்து 680. இது 1 அங்குல விட்டமுள்ள மாஸ்டரில் ஏறத்தாழ 865 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 865 பவுண்டு) கொடுக்கும். நல்ல பிரேக்.

இப்போது அதே பூஸ்டர், அதே கால், எஞ்சின் மட்டும் 10 அங்குலம்தான் தருகிறது என்று வையுங்கள். பூஸ்டரின் பங்கு 200 பவுண்டுக்கு இறங்கிவிடும். மாஸ்டரில் 610 பிஎஸ்ஐ. பூஸ்டர் முழுக்கச் செத்துவிட்டால் 355தான். பொருளில் எந்தக் குறையும் இல்லை, மாட்டியதிலும் தவறில்லை. ஆனாலும் கால்வாசிக்கு மேல் பிரேக் காணாமல் போய்விட்டது.

வேக்குவம் ஏன் குறைகிறது? பழைய டிரக்கில் யாரும் பழைய எஞ்சினை அப்படியே விட்டுவைப்பதில்லை. 350 கன அங்குல வி8 எஞ்சின் ஒன்றைப் போட்டு, ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) "தடக் தடக்" என்று உருளும் சத்தத்துக்காகவே, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டைப் பெரிதாகப் போடுகிறார்கள். அந்தச் சத்தம் இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் அளவு கூடியதால் வருவது. அதே காரணத்தால் ஐடிலில் வேக்குவம் விழுகிறது. சத்தம் கூடக் கூட பூஸ்டருக்குப் போகும் தீனி குறையும்.

போன வசந்தத்தில் டெக்சஸிலிருந்து குடிபெயர்ந்த ஒருவர் தன் 1969 சி10ஐக் கொண்டுவந்தார். நெடுஞ்சாலையில் பிரேக் அருமை, சிக்னலில் நின்று நகர்ந்து நின்று நகரும்போது மூன்றாவது மிதிக்குப் பெடல் கல்லாகிவிடுகிறது என்றார். அங்கே இருந்தபோது இவ்வளவு மோசமில்லையாம். பூஸ்டர் பழுது என்று ஏற்கெனவே ஒருமுறை மாற்றியும் பார்த்துவிட்டார். எஞ்சின் நன்றாகச் சூடானபின், காற்று எஞ்சினுக்குள் போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் வேக்குவம் கேஜை மாட்டினேன். பார்க்கில் 11. உதவியாளரை பிரேக்கில் காலை வைக்கச் சொல்லி டிரைவில் போட்டதும் முள் 8க்கும் 9க்கும் இடையே நடுங்கிக்கொண்டு நின்றது. அந்த முள்ளைப் பார்த்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. இரண்டாவது பூஸ்டரும் முதல் பூஸ்டரைப் போலவே நல்ல பூஸ்டர்தான். அதற்குக் கொடுக்க எஞ்சினிடம் எதுவும் இல்லை.

அங்கே மோசமில்லாதது இங்கே ஏன் மோசமானது? உயரம். கடல் மட்டத்திலிருந்து மேலே ஏற ஏற, 1000 அடிக்கு ஏறத்தாழ 1 அங்குலம் வேக்குவம் குறையும். டென்வர் 5280 அடி. ஹூஸ்டனில் 18 காட்டிய எஞ்சின் இங்கே 13தான் காட்டும். ஐ-70 சாலையில் மேற்கே போனால் ஐசன்ஹவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. கிட் விற்கும் கடைகள் "18 அங்குலம் வேண்டும்" என்று எழுதும்போது தாழ்நிலத்து எஞ்சினை மனதில் வைத்துத்தான் எழுதுகிறார்கள். கொலராடோ, நியூ மெக்ஸிகோ, யூட்டா மேட்டுப் பகுதிகளில் இருப்பவர்கள் வண்டி வாங்கிய ஊரின் அளவை நம்பவே கூடாது. ஓடப்போகிற ஊரில் அளக்க வேண்டும்.

அளப்பது பெரிய வித்தை இல்லை. சாதாரண வேக்குவம் கேஜ் போதும். எஞ்சின் சூடாக இருக்கட்டும், ஆட்டோமேட்டிக் என்றால் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, டிரைவில் வைத்து ஐடிலில் பாருங்கள். ஏசி இருந்தால் அதையும் ஓடவிடுங்கள். அந்தக் குறைந்த எண்தான் உங்கள் எண். கார்புரேட்டரின் மேல்பகுதியில் டிஸ்ட்ரிபியூட்டருக்கென்று இருக்கும் துளையில் அளக்காதீர்கள், பூஸ்டர் ஹோஸையும் அங்கே மாட்டாதீர்கள். ஐடிலில் அங்கே வேக்குவம் இருக்காது. இன்டேக் மேனிஃபோல்டின் பெரிய துளைதான் இடம். ஹோஸும் பூஸ்டருக்கென்று விற்கும் தடித்த ஹோஸாக இருக்கட்டும். பெட்ரோல் ஹோஸ் உறிஞ்சலில் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும்.

என் அனுபவத்தில் 16, 18 என்று வருகிற எஞ்சினுக்கு எந்த நல்ல பூஸ்டரும் வேலை செய்யும். இடத்தைப் பார்த்து வாங்கலாம். 13, 14 என்றால் பரப்பைக் கூட்ட வேண்டும். இங்கே விட்டம் மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 7 அங்குல இரட்டை டயாஃப்ரம் பார்க்கச் சின்னதாக இருந்தாலும் பலத்தில் 9 அங்குல ஒற்றைக்குக் குறையாது. வால்வு கவர் இடிக்கும் பெரிய எஞ்சின்களிலும், 1950களின் டிரக்குகளில் தரைக்கடியில் சேஸிஸில் மாட்டும்போதும் அதுதான் கைகொடுக்கும். இடம் தாராளமாக இருந்தால் 9 அங்குல இரட்டையோ 11 அங்குலமோ போடுவதையே விரும்புவேன்.

12க்குக் கீழே போனால் வேக்குவம் பூஸ்டரையே மறந்துவிடுவது நல்லது. சிலர் வேக்குவம் டேங்க் வைக்கச் சொல்வார்கள். டேங்க் வேக்குவத்தைச் சேமிக்கும், உண்டாக்காது. ஒரு மிதி கூடுதலாகக் கிடைக்கும், டிராஃபிக்கில் அதுவும் தீர்ந்துவிடும். எலக்ட்ரிக் பம்ப் உண்மையிலேயே உதவும். ஆனால் அதன் சத்தமும் வயரிங்கும் ஒரு வேலை; ஃபியூஸ் போனால் பிரேக் உதவி போகும். நான் பரிந்துரைப்பது ஹைட்ரோபூஸ்ட். பெண்டிக்ஸ் நிறுவனம் 1973இல் கொண்டுவந்த முறை இது. பவர் ஸ்டீயரிங் பம்பின் அழுத்தத்தை எடுத்து மாஸ்டரைத் தள்ளும். எஞ்சினின் வேக்குவத்தைப் பற்றியோ ஊரின் உயரத்தைப் பற்றியோ அதற்குக் கவலை இல்லை. வேக்குவமே தராத டீசல் பிக்கப்புகளில் இதைத்தான் போட்டார்கள். 1996 முதல் 2004 வரை வந்த 4.6 லிட்டர் ஃபோர்டு மஸ்டாங்கிலும் இருக்கிறது. ஸ்டீயரிங் பம்ப் நல்ல நிலையில் இருக்க வேண்டும், திரும்பும் ஆயிலுக்குத் தனி லைன் வேண்டும், செலவும் கூடும். அந்த 1969 வண்டிக்கு இதைத்தான் போட்டோம்.

பெடல் விகிதத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. பெடல் தொங்கும் பின்னிலிருந்து மிதிக்கும் பட்டையின் நடு வரை ஒரு அளவு, அதே பின்னிலிருந்து, பெடலின் தள்ளலைக் கடத்தும் கம்பியான புஷ்ராடு மாட்டும் ஓட்டை வரை ஒரு அளவு. முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். பூஸ்டர் இல்லாத வண்டியில் 6க்குப் பக்கத்தில் வரும். பூஸ்டருக்கு 4 அல்லது அதற்குச் சற்று மேல் போதும். 6ஐ அப்படியே வைத்து பூஸ்டர் மாட்டினால் பெடல் நீளமாக இறங்கும், தொட்டாலே பிடிக்கும், மழையில் ஆபத்து. இதைச் சரிசெய்ய சாய்ந்த பிராக்கெட்டோடு வரும் பூஸ்டர்கள் உண்டு. ராடு நேராகத் தள்ளுகிறதா என்று உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரோடு சேர்ந்த முடிவுதான். 1966 வரை வந்த டிரக்குகளில் ஒரே அறை மாஸ்டர். ஒரு லைன் வெடித்தால் நான்கு சக்கரமும் போயிற்று. டிஸ்க் போடுகிற எவரும் அதை வைத்துக்கொள்ளவே கூடாது, இரட்டை அறைக்கு மாறுங்கள். பழைய டிரம் மாஸ்டருக்குள் லைனில் 10 பிஎஸ்ஐ பிடித்துவைக்கும் வால்வு இருக்கும். டிரம்முக்கு அது சரி. டிஸ்க் லைனில் அது இருந்தால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். தரைக்கடியில், காலிப்பரைவிடத் தாழ்வாக மாஸ்டர் இருந்தால் மட்டும் டிஸ்க் லைனுக்கு 2 பிஎஸ்ஐ வால்வு வேண்டும், இல்லாவிட்டால் ஆயில் திரும்பி வடியும். பின்சக்கர டிரம்முக்கு அழுத்தத்தைக் குறைக்கும் வால்வையும் மறக்காதீர்கள். காலிப் பிக்கப்பின் பின்பக்கம் எடையே இல்லாதது, சட்டென்று லாக் ஆகும்.

இன்னொரு பிரச்சினை, பூஸ்டருக்கும் மாஸ்டருக்கும் நடுவே இருக்கும் சின்ன புஷ்ராடு. வீட்டிலேயே கன்வர்ஷன் செய்துகொண்டு இழுவை வண்டியில் வருபவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். பத்து மைல் ஓடியதும் முன்சக்கரம் இறுகி, பேட் கருகிய வாசனையோடு நிற்கும். காலிப்பர் ஜாம் என்று காலிப்பரை மாற்றுவார்கள். நான் முதலில் செய்வது, மாஸ்டரைப் பூஸ்டரோடு பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளையும் சில சுற்று தளர்த்துவது. உடனே சக்கரம் சுற்றினால் ராடு நீளம் அதிகம். பெடலை விட்ட பிறகும் அது பிஸ்டனை முழுசாகப் பின்னால் வர விடவில்லை, ஆயில் டேங்குக்குத் திரும்பும் துளை மூடிக்கொண்டிருக்கிறது. சூட்டில் விரிந்த ஆயிலுக்குப் போக வழியில்லாமல் தானே பிரேக்கைப் பிடிக்கிறது. மாட்டும்போதே, மாஸ்டரின் பின்குழியில் கொஞ்சம் களிமண்ணை உருட்டி வைத்து, இறுக்கி, கழற்றிப் பாருங்கள். எஞ்சும் படலம் 0.02 அங்குலம் இருந்தால் போதும். களிமண்ணை ராடு முழுசாகத் துளைத்துக்கொண்டு போயிருந்தால் ராடைச் சுருக்க வேண்டும். குழி ஆழமான மாஸ்டர் பூஸ்டர் இல்லாத வண்டிக்கு, ஆழமில்லாதது பூஸ்டருக்கு. இரண்டும் வெளியில் ஒரே மாதிரி இருக்கும்.

மலைச் சாலை வாசகர்களுக்கு ஒன்று. நல்ல பூஸ்டர் இருக்கும்போது நீண்ட இறக்கத்தில் கால் அலுக்காது, அதனால் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்குவோம். ரோட்டார் சூடாவது காலுக்குத் தெரியாது. பைக்ஸ் பீக் மலையிலிருந்து இறங்கும் வழியில் கிளென் கோவ் என்ற இடத்தில் ரேஞ்சர்கள் வண்டிகளை நிறுத்தி பிரேக் சூட்டை அளப்பது சும்மா இல்லை. கியரைக் குறைத்து எஞ்சினைப் பிடிக்க விடுங்கள்.

வேலை முடிந்ததும் சாலைக்குப் போகுமுன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். எஞ்சின் நின்றிருக்க, பெடலை நாலைந்து முறை மிதித்து மிச்ச வேக்குவத்தைத் தீருங்கள். பிறகு மிதித்துப் பிடித்துக்கொண்டே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து மிதித்தால் குறைந்தது ஒரு மிதியாவது மென்மையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வேக்குவத்தைப் பூஸ்டருக்குள் பிடித்துவைக்கும் செக் வால்வோ ஹோஸோ கசிகிறது. அப்புறம், ஆளில்லாத சமதள மைதானத்தில் மெதுவாக உருளவிட்டு, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியை முழுசாகத் திருப்பாமல் எஞ்சினை நிறுத்தி, உதவி தீர்ந்த பெடலை ஒருமுறை மிதித்துப் பாருங்கள். வீட்டில் அந்த வண்டியை ஓட்டப்போகிற எல்லோரையும் மிதிக்கச் சொல்லுங்கள். அந்த வெறும் பெடலில் யாருடைய காலாலாவது வண்டியை நிறுத்த முடியவில்லை என்றால், பெடல் விகிதத்தையும் மாஸ்டரின் விட்டத்தையும் திரும்ப ஒருமுறை பார்க்காமல் வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள்.