சரிவு பிசகினால் சாக்கடை நிற்கும்: கோலாலம்பூர்ச் சாலைகளுக்கு அடியில் என்ன நடக்கிறது?

செந்தூலிலோ ஜாலான் ஈப்போ பக்கத்திலோ குடியிருப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. சாலையின் ஒரு தடத்தைத் தடுப்பு வைத்து அடைத்துவிடுவார்கள். உள்ளே ஆழமாக ஒரு குழி. பக்கத்தில் பழுப்பு நிறச் சுட்ட களிமண் குழாய்கள் அடுக்கிக் கிடக்கும். மாதக்கணக்கில் வேலை நடக்கும். எல்லாம் முடிந்து தார் போட்ட கொஞ்ச நாளில் அதே இடத்தில் சாலை லேசாக உள்வாங்கும். "ஒரு குழாய் போட இத்தனை மாசமா?" என்று கேட்காத ஆள் கிடையாது. நியாயமான கேள்விதான். அதற்கு ஒழுங்கான பதில் வேண்டுமென்றால் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று சரிவு, இன்னொன்று மண்.

நம் நாட்டில் மழைநீருக்கு ஒரு வழி, கழிவுநீருக்கு வேறு வழி. லோங்காங் என்னும் தெருவோரக் கால்வாய் மழைநீரை நேராக ஆற்றுக்குக் கொண்டுபோகிறது. கழிப்பறை, குளியலறை, சமையலறைத் தண்ணீர் மூடிய குழாயில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். 1994-க்கு முன்பு கழிவுநீரை அந்தந்த நகராட்சிதான் பார்த்துக்கொண்டது. 1993-ஆம் ஆண்டின் கழிவுநீர்ச் சேவைச் சட்டத்துக்குப் பிறகு பெரும்பாலான இடங்களில் அந்தப் பொறுப்பு இண்டா வாட்டர் என்ற கழிவுநீர் நிறுவனத்துக்கு மாறியது. அப்படிக் கைமாறியபோது ஒவ்வொரு தாமானிலும், அதாவது குடியிருப்புப் பகுதியிலும், தனித்தனியாகக் கட்டப்பட்ட சின்னச் சின்ன நிலையங்களும் சேர்ந்தே வந்தன. அவற்றை ஒவ்வொன்றாக மூடிவிட்டு, நெடுந்தூரக் குழாய்கள் வழியாகப் பெரிய வட்டார நிலையங்களோடு இணைப்பதுதான் இப்போது நடக்கும் மேம்பாட்டு வேலைகளில் பெரும்பங்கு.

சரி, சரிவுக்கு வருவோம். வீட்டுக் குழாயில் வரும் குடிநீர் அழுத்தத்தில் வருகிறது, மேடு பள்ளம் பார்க்காது. கழிவுநீர் அப்படியில்லை. அது புவியீர்ப்பால் மட்டுமே நகர்கிறது. அதில் தண்ணீரோடு மலம், காகிதம், எண்ணெய்ப் பிசுக்கு, மணல் எல்லாம் கலந்து வருகின்றன. ஓட்டம் மெதுவானால் இவை அடியில் தங்கி இறுகிவிடும். அதனால்தான் குழாய் நிறைந்து ஓடும்போது வேகம் விநாடிக்கு 0.8 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று இங்கே விதி இருக்கிறது. அந்த வேகத்தில் ஓடும் நீர் தன் பாதையைத் தானே கழுவிக்கொள்ளும்.

தாமான் தெருக்களில் பரவலாக இருப்பது 225 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய். அதில் இந்த வேகம் கிடைக்க எவ்வளவு சரிவு வேண்டும் என்று கணக்குப் போட்டால், ஏறக்குறைய 200 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம் வருகிறது. அதாவது ஒரு மீட்டர் நீளத்துக்கு 5 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் நீளக் குழாயின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் நடுவில் இரண்டு மூன்று நாணயங்களை அடுக்கிய உயரம்தான் வித்தியாசம். அதனால்தான் குழிக்குள் லேசர் கருவியை வைத்து ஒவ்வொரு குழாயாகச் சரிபார்க்கிறார்கள். நடுவில் ஒரே ஒரு குழாய் கொஞ்சம் அமுங்கினாலும் அந்த இடத்தில் தண்ணீர் தேங்கும். தேங்கிய இடத்தில் எண்ணெய் உறையும். அப்புறம் அடைப்பு எடுக்கும் வண்டி அந்தத் தெருவுக்கு அடிக்கடி வர வேண்டியிருக்கும்.

5 மில்லிமீட்டர் என்பது அற்பமாகத் தெரியலாம். ஆனால் ஒரு கிலோமீட்டர் போனால் குழாய் 5 மீட்டர் கீழே இறங்கியிருக்கும். இரண்டு கிலோமீட்டர் போனால் 10 மீட்டர். தரை சமமாக இருக்கும் இடத்தில் இந்த ஆழம் கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் பம்ப் நிலையம் கட்டி மேலே தூக்கிவிட வேண்டும், இல்லையென்றால் இன்னும் ஆழமாகப் போக வேண்டும். பெரிய குழாய்க்கு இந்த விஷயத்தில் ஒரு சலுகை உண்டு. 600 மில்லிமீட்டர் குழாய் போதிய அளவு நிறைந்து ஓடினால், 700 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற மென்மையான சரிவிலேயே அதே வேகம் கிடைத்துவிடும். "போதிய அளவு நிறைந்து ஓடினால்" என்பதுதான் இங்கே முக்கியம். நூறு வீடுகள் உள்ள தெருவில் எதற்கும் இருக்கட்டும் என்று பெரிய குழாயைப் போட்டு அதை மென்மையான சரிவில் படுக்க வைத்தால், அதன் அடியில் ஒரு மெல்லிய ஓட்டம்தான் ஊர்ந்துபோகும். கசடு தங்கும். பெரிய குழாய் போட்டால் பிரச்சினை தீரும் என்பது இந்தத் துறையில் செல்லாது.

நகரம் வளர்ந்தால் ஏன் தோண்ட வேண்டியிருக்கிறது என்பதும் இதே கணக்கில் தெரிந்துவிடும். மலேசியாவில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 225 லிட்டர் கழிவுநீர் என்று வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு 5 பேர். ஆனால் அந்த நீர் நாள் முழுக்க ஒரே சீராக வருவதில்லை. பள்ளிக்கும் வேலைக்கும் கிளம்பும் காலை நேரத்தில் எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் குளிக்கிறார்கள். ஆயிரம் பேர் இருக்கும் பகுதியில் உச்ச ஓட்டம் சராசரியைப் போல 4.7 மடங்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு லட்சம் பேர் என்றால் ஏறத்தாழ 2.8 மடங்குதான். கூட்டம் பெருகப் பெருக ஒருவர் குளிக்கும் நேரமும் இன்னொருவர் குளிக்கும் நேரமும் தள்ளித் தள்ளிப் போய்ச் சமனாகிவிடுகின்றன. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், நாம் பேசிய 225 மில்லிமீட்டர் குழாய் சுமார் 3,000 பேரைத் தாங்கும். அதாவது 600 வீடுகள். ஒரு பழைய தாமானுக்கு அது தாராளம். அதே தெருவில் 1,000 வீடுகள் கொண்ட ஒரு கொண்டோ எழும்பினால், அந்த ஒரு கட்டடமே 5,000 பேர் கணக்கு. குழாய் பழுதாகவில்லை, உடையவில்லை. ஆனாலும் போதவில்லை.

குழாயைத் திணறடிப்பதில் கொண்டோவைவிடப் பெரிய குற்றவாளி இன்னொன்று இருக்கிறது: மழை. கூரைத் தண்ணீர் லோங்காங்குக்குப் போக வேண்டும் என்று பார்த்தோம். வீட்டைப் பெரிதாக்கும்போது பின்புறக் கூரையின் மழைநீர்க் குழாயைப் பக்கத்தில் இருக்கும் கழிவுநீர்த் தொட்டியில் சொருகிவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. வேலை சீக்கிரம் முடியும், வாசல் நனையாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் மழை பெய்தால் 6,000 லிட்டர் தண்ணீர். கோலாலம்பூரில் மாலை இடிமழைக்கு இது அதிசயமான அளவே இல்லை. ஒரு வீடு ஐந்து நாளில் வெளியேற்றும் கழிவுநீரைவிட அதிகமான நீரை அந்தக் கூரை ஒரே மணி நேரத்தில் கொட்டுகிறது. இப்படி இருபது வீடுகள் இணைத்திருந்தால் 3,000 பேருக்கான அந்தக் குழாய் முழுவதும் மழைநீராலேயே நிறைந்துவிடும். அதற்கு மேல் வருவது தாழ்வான வீட்டின் கழிப்பறை வழியாகப் பொங்கும், இல்லையென்றால் மேன்ஹோல் மூடியைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடும். அந்த வீட்டுக்காரர் எந்தத் தவறும் செய்யாதவராக இருப்பார். எனக்கு இதுதான் மனத்தை உறுத்துகிறது. எத்தனை கோடி ரிங்கிட் செலவழித்துக் குழாயை மாற்றினாலும் இந்த இணைப்புகள் அப்படியே இருந்தால் அடுத்த பெருமழையில் அதே கதைதான்.

ஆழமான குழாயை எப்படிப் போடுகிறார்கள்? மூன்று நான்கு மீட்டர் வரை என்றால் சாலையை நீளமாக வெட்டிப் போடலாம். அதற்கும் கீழே என்றால், அதுவும் ஜாலான் ஈப்போ மாதிரி வண்டி நெரிசல் உள்ள சாலையில் என்றால், குழாயைப் பூமிக்குள் தள்ளும் முறைதான். சாலையோரம் ஒரு செங்குத்தான குழியை இறக்குகிறார்கள். அதன் அடியில் நீரழுத்தத்தால் இயங்கும் தள்ளுகருவிகள். முன்னால் மண்ணைக் குடையும் தலை, அதன் பின்னால் குழாய். கருவி ஒரு குழாயைத் தள்ளி முடித்ததும் பின்வாங்கும். மேலேயிருந்து அடுத்த குழாய் கிரேனில் இறங்கும், மறுபடியும் தள்ளும். குடைந்த மண் சேற்றுக்குழம்பாகிக் குழாய் வழியே மேலே வந்துவிடும். குழாய் வழுக்கிப்போக வெளிப்புறத்தில் பெண்டனைட் என்ற களிமண் கரைசலைச் செலுத்துகிறார்கள். மேலே வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கும். கோலாலம்பூருக்கு அடியில் பல இடங்களில் சுண்ணாம்புப் பாறை இருப்பதுதான் சிக்கல். தண்ணீர் அரித்து அரித்து உள்ளே குகைகளும் பிளவுகளுமாகக் கிடக்கும் பாறை அது. குடையும் தலை இறுகிய பாறையிலிருந்து சட்டென்று வெறுமையான இடத்துக்குப் போய்விடலாம். வேலை இழுத்துக்கொண்டு போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழாய்களை ஏன் சுட்ட களிமண்ணில் செய்கிறார்கள் என்பதற்கு ஒரு வேதியியல் காரணம் உண்டு. கழிவுநீரில் மூழ்கிய குழாய்ச் சுவரில் வழவழப்பான ஒரு படலம் வளர்கிறது. ஆக்சிஜன் எட்டாத அந்தப் படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள் நீரிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் வருவது அதனால்தான். நம் ஊர் வெப்பத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். அந்த வாயு மேலெழுந்து குழாயின் ஈரமான மேல்சுவரில் படும்போது வேறு வகைப் பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக்குகின்றன. அமிலம் பட்ட கான்கிரீட் ஜிப்சமாகி, கையால் சுரண்டினால் உதிரும் அளவுக்கு மெத்தென்று ஆகிவிடும். சுட்ட களிமண்ணை அந்த அமிலம் அசைக்காது. ஆனால் மனிதரை அந்த வாயு கொல்லும். அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போய்விடும் என்பதுதான் அதில் உள்ள பெரிய ஆபத்து. வாயுவை அளக்காமல், காற்றோட்டம் இல்லாமல் யாரையும் மேன்ஹோலில் இறக்கக் கூடாது. இதில் எந்தச் சமரசமும் இருக்க முடியாது.

2024 ஆகஸ்ட் 23-ஆம் தேதி கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா பகுதியில் நடைபாதை திடீரென உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணியை விழுங்கிய துயரத்தை நம்மில் யாரும் மறக்கவில்லை. மீட்புக் குழுவினர் கழிவுநீர்க் குழாய்களுக்குள்ளும் தேடினார்கள். அதற்குப் பிறகு எந்தத் தெருவில் பள்ளம் விழுந்தாலும் மக்கள் பயப்படுகிறார்கள். பூமிக்கடியில் வெற்றிடம் பொதுவாக எப்படி உருவாகிறது என்பதை அதனால் தெரிந்துகொள்வது நல்லது. குழாயின் மூட்டு விலகி, சுற்றிலும் நிலத்தடி நீர் உயர்ந்திருந்தால், அந்த இடுக்கு வழியாக நீர் குழாய்க்குள் புகும். வரும்போது நுண்மணலையும் இழுத்து வரும். மணல் ஓட்டத்தோடு போய்விடும்; அது இருந்த இடம் காலியாகும். மழைக்கு மழை அந்த வெற்றிடம் மேல்நோக்கி வளரும். மேலே தார்ச்சாலை ஒரு பலகை போல அதைத் தாங்கி நிற்பதால் கடைசி வரைக்கும் ஒன்றும் தெரியாது. அதனால்தான் குழாய்க்குள் கேமராவை ஓடவிட்டுப் பார்ப்பது அவ்வளவு முக்கியம். விரிசல் தெரிந்தால் சாலையை வெட்டாமலேயே சரிசெய்யும் வழி 1971-லேயே லண்டனில் வந்துவிட்டது. எரிக் வுட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். பிசின் ஊறிய ஒரு துணிக்குழலை, காலுறையை உட்புறம் வெளியே வருமாறு புரட்டுவது போல, நீரழுத்தத்தால் பழைய குழாய்க்குள் புரட்டிக்கொண்டே போய், பிறகு சூடேற்றி இறுக வைக்கிறார்கள். பழைய குழாய்க்குள் மூட்டே இல்லாத புதிய குழாய் ஒன்று உருவாகிவிடுகிறது.

இந்தக் குழாய்கள் எல்லாம் கடைசியில் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று பந்தாய் டாலாமில் உள்ள பந்தாய் 2 நிலையம். 14 லட்சத்து 23 ஆயிரம் பேருக்கான வசதி, ஒரு நாளைக்கு 3 லட்சத்து 20 ஆயிரம் கன மீட்டர். ஆளுக்கு 225 லிட்டர் என்று பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். நிலையம் பூமிக்கடியில் இருக்கிறது, மேலே பூங்கா.

இனி மண். வெட்டிப் போட்ட இடத்தில் சாலை ஏன் உள்வாங்குகிறது என்பதற்குப் பெரும்பாலும் குழாய் காரணமில்லை. குழியை மூடிய விதம்தான் காரணம். 3 மீட்டர் ஆழக் குழியை நிரப்பிய மண் வெறும் 3 விழுக்காடு அமுங்கினாலே சாலையில் 9 சென்டிமீட்டர் பள்ளம். அதனால் முதலில் குழாயைச் சுற்றி மணல், பிறகு 20 சென்டிமீட்டர் அளவுக்கு ஓர் அடுக்கு நிரப்பி இயந்திரத்தால் இடித்து இறுக்கி, அப்புறம்தான் அடுத்த அடுக்கு. ஒரு குழிக்குப் பதினைந்து அடுக்கு வரை ஆகும். செந்தூலில் ஒரு வேலையிடத்தில் இதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேற்பார்வையாளர் தம்பி ஒருவர் கைப்பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடித்து, விரலால் அழுத்தி உடைத்துப் பார்த்தார். "சேறா இருக்கு அண்ணே, இத போட்டா எறங்கிடும்" என்று சொல்லி அந்த லோரியைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கல்தூள் வரவழைத்தார். அவர் விரலில் பார்த்ததைத்தான் 1933-இல் அமெரிக்கப் பொறியாளர் பிராக்டர் அளந்து காட்டினார். மண்ணில் ஈரம் ஒரு குறிப்பிட்ட அளவில் இருக்கும்போதுதான் அது நன்றாக இறுகும். உலர்ந்திருந்தால் துகள்கள் ஒன்றோடொன்று உரசி நகராது. ஈரம் கூடிவிட்டால் துகள்களுக்கு நடுவில் நீர் நின்றுகொண்டு நெருங்க விடாது. மாலைதோறும் மழை பெய்யும் ஊரில் தோண்டிய களிமண்ணையே திருப்பிப் போட முடியாததற்கு இதுதான் காரணம்.

அப்படியே சரியாக மூடினாலும் முதலில் போடுவது தற்காலிகத் தார். கனரக லோரிகள் மேலே ஓடி, மண் மிச்சமிருக்கும் அமுக்கத்தை முடித்துக்கொள்ள விடுகிறார்கள். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் நடந்த பெரிய சாலைச் சோதனையில் தெரிந்த விஷயம் இது: சக்கர அச்சின் மேல் ஏறும் எடை இரட்டிப்பானால் சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகிறது. ஆகவே ஒட்டுப்போட்ட சாலையைச் சோதிப்பது கார்கள் அல்ல, லோரிகள்தான். மண் அடங்கிய பிறகு ஒட்டுப்போட்ட துண்டை மட்டுமல்ல, அந்தத் தடத்தின் முழு அகலத்தையும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுத் தார் போட வேண்டும். பழைய தாரும் புதுத் தாரும் சேரும் விளிம்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் மழைநீர் இறங்கும். அந்த விளிம்பு லோரிச் சக்கரம் ஓடும் இடத்தில் இல்லாமல் தடத்தின் ஓரக்கோட்டில் இருப்பது நல்லது. உங்கள் தெருவில் வேலை முடிந்துவிட்டது என்று தடுப்புகளை எடுத்த பிறகும் நீள்சதுர ஒட்டு மட்டுமே தெரிந்தால், முழு அகலத் தார் எப்போது போடப்படும் என்று குடியிருப்பாளர் சங்கம் எழுத்தில் கேட்கலாம். ஒட்டின் விளிம்பை ஒட்டி நீளமாக விரிசல் ஓடினாலோ, மேன்ஹோல் மூடியைச் சுற்றி மட்டும் தரை இறங்கினாலோ, படம் எடுத்து அன்றைக்கே புகார் கொடுத்துவிடுங்கள்.