டெபாசிட் – கட்டுப்பணம்

தேர்தல் முடிவு வந்த மறுநாள் டீக்கடையிலிருந்து தலைப்புச் செய்தி வரை அடிபடும் சொல் இது. வேட்புமனுவோடு வேட்பாளர் அரசிடம் கட்டி, போதிய வாக்கு வாங்கினால் திரும்பப் பெறும் பணமே டெபாசிட். ‘கீழே வை’ என்ற பொருளுடைய லத்தீன் வினையில் பிறந்து ஆங்கிலம் வழியே நம்மிடம் வந்தது. பிரிட்டனில் 1918ஆம் ஆண்டுச் சட்டம் இதை 150 பவுண்டாக வைத்தது. பொழுதுபோக்குக்கு நிற்பவர்களை வடிகட்டுவதே நோக்கம்.

இந்தியாவில் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி மக்களவைக்கு 500 ரூபாய், சட்டமன்றத்துக்கு 250. நாற்பது ஆண்டுக்கும் மேலாக இதை யாரும் ஏற்றவில்லை. 1996இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் தங்கள் கோரிக்கையைக் கவனிக்க வைக்க விவசாயிகள் கூட்டமாக மனுத் தாக்கல் செய்தார்கள். மொத்தம் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு தொகை 10,000, 5,000 என உயர்ந்தது. இப்போது மக்களவைக்கு 25,000, சட்டமன்றத்துக்கு 10,000. பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பாதி. அவர்கள் பொதுத்தொகுதியில் நின்றாலும் அதே சலுகைதான். உள்ளாட்சியில் தொகை வேறு. தமிழகத்தில் 2022 நகர்ப்புறத் தேர்தலில் மாநகராட்சி உறுப்பினருக்கு 4,000, நகராட்சிக்கு 2,000, பேரூராட்சிக்கு 1,000.

ஒரே தொகுதிக்கு நான்கு மனு வரை கொடுக்கலாம், பணம் ஒருமுறை கட்டினால் போதும். ரொக்கமாகவோ கருவூலச் செலான் மூலமாகவோ கட்டலாம். காசோலை செல்லாது.

கணக்கில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு ‘மேல்’ வாங்க வேண்டும். எல்லா வேட்பாளர்களும் சேர்ந்து 1,80,000 வாங்கியிருந்தால் எல்லை 30,000. சரியாக 30,000 வாங்கியவருக்குப் பணம் போச்சு, 30,001 வாங்கியவருக்குத் திரும்பும். நோட்டாவையும் தள்ளுபடியான தபால் வாக்குகளையும் இந்தக் கூட்டலில் சேர்க்கக்கூடாது. செய்தி நிருபர்கள் பதிவான மொத்த வாக்கை ஆறால் வகுத்து, தப்பித்தவரையும் ‘டெபாசிட் காலி’ ஆக்கிவிடுவதுண்டு. வென்றவருக்கு இந்த ஆறில் ஒன்று பொருந்தாது. பலமுனைப் போட்டியில் 15 விழுக்காட்டில் ஜெயித்தாலும் பணம் அவருடையதே. மனு தள்ளுபடியானாலும், வாபஸ் வாங்கினாலும் திரும்பும்.

அதிகம் பேசப்படாத விதி ஒன்று: பொதுத்தேர்தலில் ஒருவர் இரண்டு மக்களவைத் தொகுதிகளிலோ இரண்டு சட்டமன்றத் தொகுதிகளிலோ நின்றால், வாக்கு எவ்வளவு வந்தாலும் ஒரு டெபாசிட்தான் திரும்பும். 2024இல் ராகுல் காந்தி வயநாடு, ரேபரேலி இரண்டிலும் வென்றார். அதே நேரத்தில் நடந்த ஒடிசா சட்டமன்றத் தேர்தலில் நவீன் பட்நாயக் ஹிஞ்சிலியில் வென்று காண்டாபாஞ்சியில் தோற்றார். சட்டத்தின் பார்வையில் இருவருக்கும் ஒன்று போனதுதான், இதில் அவமானம் ஏதுமில்லை. ஆனால் மக்களவைக்கு ஒன்று, சட்டமன்றத்துக்கு ஒன்று என்று நின்றால் இந்தத் தடை கிடையாது. 2024 மக்களவைக்கு நின்ற 8,360 பேரில் சுமார் 86 விழுக்காட்டினர் டெபாசிட் இழந்தார்கள் என்பதையும் பார்த்தால், இழப்பதுதான் வழக்கம், காப்பாற்றுவதுதான் விலக்கு.

தமிழில் எப்படிச் சொல்வது? நாளிதழ்கள் ‘வைப்புத்தொகை’ என்கின்றன. அது வங்கிக்குப் பொருந்தும்; அங்கே போட்டது வட்டியோடு வரும், இங்கே வட்டிக்கே பேச்சில்லை. ‘காப்புத்தொகை’ ஓரளவு பரவாயில்லை, ஆனால் யாருக்குக் காப்பு என்ற கேள்வி நிற்கிறது. இலங்கைத் தமிழில் ‘கட்டுப்பணம்’ என்ற சொல் நெடுநாளாக வழக்கில் இருக்கிறது. ‘சுயேச்சைக் குழு கட்டுப்பணம் செலுத்தியது’ என்று அங்குள்ள செய்தித்தாள்கள் இயல்பாக எழுதும். ஃபீஸ் கட்டு, வரி கட்டு என்று நாம் தினமும் சொல்வதால் தமிழகத்திலும் உடனே புரியும். இழப்பைச் சொல்ல ‘கட்டுப்பணம் இழந்தார்’ போதும். ‘பறிமுதல்’ வேண்டாம், அது கடத்தல் பொருளுக்கும் கணக்கில் வராத ரொக்கத்துக்கும் உரிய சொல்.